காடு எரியும்போது நெட் ஸ்லோ! இணையச் சாலையின் 'டிராஃபிக் போலீஸ்' யாரைப் பார்த்து விசில் அடிக்கிறார்?

2018 ஜூலை கடைசி வாரம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மெண்டசினோ பகுதியில் இரண்டு இடங்களில் தீப்பிடித்தது. அடங்குவதற்குள் 4.59 லட்சம் ஏக்கர் சாம்பலாகிவிட்டது. சென்னை மாநகராட்சியின் பரப்பளவைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். அன்றைய தேதியில் அந்த மாநிலத்தின் பதிவேட்டிலேயே மிகப்பெரிய காட்டுத்தீ அதுதான்.

அணைக்கப் போனவர்களில் சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையும் ஒன்று. அவர்கள் கொண்டுபோன வண்டிகளில் 'ஓ.இ.எஸ் 5262' என்ற வண்டி தண்ணீர் பீய்ச்சுவதற்கானது அல்ல. அது ஒரு நடமாடும் கட்டுப்பாட்டு அறை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, புல்டோசர் எந்தப் பக்கம் போக வேண்டும், விமானம் எங்கே தேவை, ஆயிரக்கணக்கான வீரர்களை எப்படிப் பிரித்து அனுப்புவது என எல்லாம் அந்த வண்டியின் இணைய இணைப்பை நம்பித்தான் இருந்தன.

அந்த இணைப்பு திடீரென நொண்டியடித்தது. வேகம் முன்பிருந்ததில் 200-ல் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் கீழே. ஒரு நிமிடத்தில் இறங்கவேண்டிய வரைபடம் இறங்க 3 மணி நேரம் 20 நிமிடங்கள் ஆகும் என்றால், அந்த வரைபடம் காட்டும் தீ அதற்குள் எங்கே போயிருக்கும்?

துறையின் ஐ.டி ஊழியர்கள் இணைப்பு கொடுத்த வெரைசான் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதில் வந்தது. 'ஆமாம், வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் வேறு பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள்' என்பதுதான் அதன் சாரம். அந்தப் பிளானின் கட்டணம் பழையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காடு எரிந்துகொண்டிருக்க, ஒருபக்கம் ரீசார்ஜ் பேரம். அதுவரை வீரர்கள் தங்கள் சொந்த போன்களையும், மற்ற துறைகளின் இணைப்பையும் வைத்துச் சமாளித்தார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் வாங்கியிருந்த பிளானின் பெயர் 'அன்லிமிடெட்'. மாதம் 25 ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்பது அதன் நிபந்தனை. இன்னொரு வேடிக்கை, கூகுளும் ஆப்பிளும் இன்டெலும் தலைமையகம் வைத்திருப்பது இதே சான்டா கிளாரா மாவட்டத்தில்தான்.

குறைத்தது யார்?

இந்தக் கதையைக் கேட்டதும் யாரோ ஓர் அதிகாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'தீயணைப்பு வண்டியா, வேகத்தைக் குறை' என்று பட்டனை அழுத்தியதாகத் தோன்றும். அப்படி யாரும் இல்லை. அதுதான் இதில் சிக்கலே. குறைத்தது ஒரு கணக்குப் பிள்ளை. சரியாகச் சொன்னால், கணக்கு பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள். நெட்வொர்க் இன்ஜினீயர்கள் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயரே 'டிராஃபிக் போலீஸிங்'.

உங்கள் போனுக்கு வரும் எந்தப் படமும், பாட்டும், வீடியோவும் ஒரே துண்டாக வருவதில்லை. பாக்கெட் எனப்படும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து வருகின்றன. ஒரு வீடியோ என்றால் ஆயிரக்கணக்கான பொட்டலங்கள். வழியில் நிற்கும் போலீஸ்காரர் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 'இந்த வாடிக்கையாளருக்கு நொடிக்கு இவ்வளவு' என்ற அளவு மட்டும் அவருக்குத் தெரியும். அளவுக்குள் இருந்தால் விடுவார். தாண்டினால் தூக்கி எறிவார்.

அளவு தாண்டியது எப்படித் தெரியும்? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோனதன் டர்னர் 1986-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். பெயர் 'ஓட்டை வாளி'. அதன் நெருங்கிய உறவுக்காரர்தான் இன்று பரவலாக இருக்கும் 'டோக்கன் வாளி'.

புரிந்துகொள்ள நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி போதும். கீழேயிருந்து ஒரு சின்ன மோட்டார் ஒரே சீராகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் குழாயை முழுசாகத் திறந்து வாளி வாளியாகப் பிடிக்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். தொட்டி காலியானதும் கதை மாறும். அதற்குமேல் மோட்டார் ஏற்றும் வேகத்தில்தான் தண்ணீர் வரும். குழாயை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. தண்ணீருக்குப் பதில் டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொட்டலமும் உள்ளே போக தன் எடைக்கு ஏற்ற டோக்கனைக் கொடுக்கவேண்டும். டோக்கன் தீர்ந்தால் கதவு சாத்தப்படும்.

ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்க்கும்போது சில இணைப்புகளில் முதல் சில நொடிகள் முள் எகிறி, பிறகு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்று, தொட்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்துபோவது.

கண்டக்டரும் ரயில்வே கேட்டும்

அதிகமாக வரும் பொட்டலங்களை என்ன செய்வது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரயில்வே கேட் மாதிரி. கேட் போட்டிருக்கும், வண்டிகள் வரிசையில் காத்திருக்கும், திறந்ததும் ஒவ்வொன்றாகப் போகும். தாமதம் ஆகும், ஆனால் யாரும் திரும்பிப் போகவேண்டியதில்லை. இதற்கு 'ஷேப்பிங்' என்று பெயர். இரண்டாவது, கண்டிப்பான பஸ் கண்டக்டர் மாதிரி. 'இடம் இல்லை, இறங்கு' என்று சொல்லிவிட்டு விசில் அடித்துவிடுவார். இறங்கியவர் வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி கிளம்பி வரவேண்டும். இதுதான் போலீஸிங்.

கண்டக்டர் முறைக்குச் செலவு குறைவு. காத்திருக்கும் பொட்டலங்களை வைத்திருக்க நினைவகம் தேவையில்லை, கணக்கு மட்டும் போதும். ஆனால், பாதிப்பு யாருக்கு? தொலைந்த பொட்டலத்தை அனுப்பிய கம்ப்யூட்டர் மறுபடி அனுப்பவேண்டும். வீடியோவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் சில பல்கலைக்கழகத்தினருடன் சேர்ந்து இதை உலக அளவில் அளந்து பார்த்தார்கள். எடுத்துக்கொண்டது 27,000 கோடி பொட்டலங்கள். சில பிராந்தியங்களில் 7 சதவீதம் வரையிலான இணைப்புகளில் போலீஸிங் நடப்பது தெரிந்தது. அப்படி நடக்கும் இடங்களில் பொட்டலங்கள் தொலைவது சராசரியாக ஆறு மடங்கு அதிகம். ரயில்வே கேட் முறையிலேயே இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம், வீடியோ இவ்வளவு கெடாது என்பது அவர்கள் சொன்ன மாற்று. காசு மிச்சம் பிடிப்பது ஒருவர், வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னொருவர் என்பதால் இந்த மாற்று எல்லா இடத்திலும் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

400 கஜ தூரத்தில் ஒரு டிராஃபிக் ஜாம்

'போலீஸே வேண்டாம், எல்லோரும் இஷ்டத்துக்குப் போகட்டும்' என்று விட்டால் என்ன ஆகும்? அதையும் இணையம் ஒருமுறை பார்த்துவிட்டது.

1986 அக்டோபர். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் சுமார் 400 கஜம்தான். நடந்தே போய்விடலாம். அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, நொடிக்கு 40 பிட்டாக விழுந்தது. எட்டு பிட் சேர்ந்தால் ஓர் ஆங்கில எழுத்து. அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து. 

காரணம் கேட்டால் நம் ஊர் சிக்னல் இல்லாத நாற்சந்தி நினைவுக்கு வரும். நெரிசலில் பொட்டலம் தொலைகிறது. தொலைந்ததை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அவசர அவசரமாக மறுபடி அனுப்புகிறது. அதனால் நெரிசல் இன்னும் கூடுகிறது. இன்னும் தொலைகிறது. எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், யாரும் நகரவில்லை.

அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து இதற்கு மருந்து கண்டுபிடித்து, 1988-ல் கட்டுரையாக வெளியிட்டார். மருந்து ரொம்ப எளிமையானது. பொட்டலம் தொலைந்தால், முன்னால் கூட்டம் என்று அர்த்தம். அனுப்புபவர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெதுமெதுவாக ஏற்றிப் பார்க்கவேண்டும். இணையத்தின் 'டிசிபி' விதிமுறைக்குள் இந்த ஒழுக்கம் சேர்ந்தது. இன்று நீங்கள் ஒரு படம் அனுப்பும்போதும் உங்கள் போன் சத்தமில்லாமல் இதைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆக, இணையக்காரர்கள் 'அவரவர் பார்த்து நடந்துகொள்ளுங்கள்' என்றார்கள். டெலிபோன்காரர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர்கள் 'ஏடிஎம்' என்று ஒரு அதிவேக நெட்வொர்க்கைத் திட்டமிட்டார்கள். பணம் எடுக்கும் ஏடிஎம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் இணைப்பு கேட்கும்போதே, 'எனக்கு இவ்வளவு வேகம் வேண்டும், அதிகபட்சம் இவ்வளவு போவேன்' என்று ஒப்பந்தம் போடவேண்டும். நுழைவாயிலில் போலீஸ். ஒப்பந்தம் மீறினால் பொட்டலத்தைத் தூக்கி எறியலாம், அல்லது முத்திரை குத்தி அனுப்பலாம். வழியில் கூட்டம் இருந்தால் முத்திரை குத்தியவற்றை முதலில் இறக்கிவிடுவார்கள்.

இந்த ஏடிஎம் பொட்டலத்தின் அளவு 53 பைட். யாராவது இப்படி ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பார்களா? அது பேரத்தில் பிறந்த எண். உள்ளே வைக்கும் சரக்கு 32 பைட் போதும் என்றது ஐரோப்பியத் தரப்பு. குறிப்பாக, பிரான்ஸ் போன்ற அளவான நாட்டில் சின்னப் பொட்டலம் என்றால் தாமதம் குறையும், போன் பேசும்போது எதிரொலியைத் தடுக்கத் தனிக் கருவி வாங்கவேண்டாம். 64 வேண்டும் என்றது அமெரிக்கத் தரப்பு. கடைசியில் நடுவில் பிடித்து 48. அதன்மேல் முகவரிச் சீட்டுக்கு 5. ஆகமொத்தம் 53. இருவருக்கும் திருப்தி இல்லாத எண் என்பதால்தான் அது நிலைத்தது என்று சொல்லலாம்.

வீடுவரைக்கும் வந்து சேரும் போட்டியில் ஏடிஎம் தோற்றது. விலை குறைந்த, எளிமையான இணையம் ஜெயித்தது. ஆனால், வாசலில் நிற்கும் அந்தப் போலீஸ்காரரை மட்டும் இணையம் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

பந்தியில் இடம் எத்தனை?

'100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன், ராத்திரி 9 மணிக்கு அதில் பாதிகூட வரவில்லை' என்பது பல வீடுகளில் கேட்கும் புகார். கல்யாண வீட்டுக் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்திருப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் 300 இலைதான் போட முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். முகூர்த்தம் முடிந்த கையோடு எல்லோரும் கூடத்துக்கு வந்தால், நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கும் படலம் தொடங்கும். இணைய நிறுவனங்களும் பலருக்கும் சேர்த்து ஒரே குழாயைத்தான் பங்கு போடுகின்றன. ராத்திரி 9 மணி அவர்களுக்கு முகூர்த்தம் முடிந்த நேரம்.

இந்தக் கணக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே.எர்லாங், எத்தனை பேருக்கு எத்தனை லைன் போட்டால் போதும் என்று 1909-லேயே எழுதத் தொடங்கிவிட்டார். இன்றும் டெலிபோன் நெரிசலை அளக்கும் அலகின் பெயர் 'எர்லாங்'.

ஆனால், குழாயைப் பங்கு போடுவதில் ஒரு நியாயப் பிரச்னை உண்டு. ஒருவர் மட்டும் பெரிய பெரிய ஃபைல்களாக டவுன்லோடு போட்டால், பக்கத்தில் இருப்பவரின் சின்ன மெசேஜ் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில் ஒருவரே பத்து கார்டுடன் வந்து நிற்பது மாதிரி. ஆளுக்கு ஒரு கார்டு என்று சுற்று வைத்துக் கொடுத்தால் என்ன என்று 1985-ல் ஜான் நேகிள் யோசனை சொன்னார். அதைக் கணக்கோடு செய்துகாட்டி 1989-ல் கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர் ஸ்ரீனிவாசன் கேஷவ், டெல்லி ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்.

உங்கள் போனிலேயே இந்தப் பங்கீட்டைப் பார்க்கலாம். டேட்டா தீர்ந்து, வாட்ஸ்அப் படம் திறக்காமல் அடம்பிடிக்கும் அதே நேரத்தில் வோல்டிஇ கால் போட்டால் குரல் தெளிவாகக் கேட்கும். அந்த அழைப்பும் பொட்டலங்களாகத்தான் போகிறது. 4ஜி விதிமுறையில் போக்குவரத்தை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். குரலுக்கு 1-ம் எண் வகுப்பு, குறிப்பிட்ட வேகம் உறுதி. சாதாரண இணையத்துக்குப் பெரும்பாலும் 9-ம் எண் வகுப்பு, உறுதி எதுவும் இல்லை. ஒரே சாலைதான், ஆம்புலன்ஸுக்குத் தனி வழி விட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் தீயணைப்பு வண்டிக்கு ஏன் விடவில்லை? தொழில்நுட்பத்தில் வழி இல்லாமல் இல்லை. அந்த இணைப்பு சாதாரண டேட்டா பிளானில் இருந்தது, அவ்வளவுதான். எழுதிக்கொடுத்த கணக்கைப் போலீஸ்காரர் சரியாகவே பார்த்தார். படம் பார்ப்பவரின் 25 ஜிபியும் தீயை விரட்டுபவரின் 25 ஜிபியும் அவருக்கு ஒன்றுதான்.

துறைத் தலைவர் அந்தோணி பவுடன் 2018 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நெட் நியூட்ராலிட்டி விதிகளை அமெரிக்க அரசு அமைப்பு ரத்து செய்ததை எதிர்த்த வழக்கு அது. வெரைசான், 'அவசரகாலத்தில் கட்டுப்பாட்டை நீக்குவதுதான் எங்கள் வழக்கம். வாடிக்கையாளர் சேவையில் தவறு நடந்துவிட்டது. இதற்கும் நெட் நியூட்ராலிட்டிக்கும் சம்பந்தமில்லை' என்றது. யோசித்தால், கடைசி வரியில் நியாயம் இருக்கிறது. எந்தத் தளத்தையும் குறிவைத்து யாரும் தடுக்கவில்லை. ஆனால், இப்படி ஒரு புகார் வந்தால் உடனடியாகத் தீர்த்துவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற தீயணைப்புத் துறையின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 2019 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ரத்து பெரும்பாலும் செல்லும் என்ற நீதிமன்றம், பொதுப் பாதுகாப்பு என்ன ஆகும் என்று அந்த அமைப்பு யோசிக்கவே இல்லை என்று சொல்லி அந்தப் பகுதியைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா, அவசரகாலத்தில் மீட்புத் துறைகளின் இணைய வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

நம் ஊரில் என்ன விதி?

இந்தியாவில் இந்தச் சண்டை வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் திட்டங்கள் வந்தபோது, 2015-ல் டிராய் அமைப்புக்கு லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ம் தேதி, தளத்துக்குத் தளம் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று டிராய் தடை போட்டது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' இந்தியாவை விட்டுக் கிளம்பியது அப்போதுதான். 2018 ஜூலையில் நெட் நியூட்ராலிட்டி கொள்கைக்கு மத்திய அரசின் ஒப்புதலும் கிடைத்தது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும், அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு என்பது அதன் போக்கு.

அதை நேரில் பார்க்கும் நாளும் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. வீட்டுக்கு வீடு ஆன்லைன் வகுப்பு, ஆபீஸ் மீட்டிங், நடுவில் படம். நெட்வொர்க் தாங்காது என்று, வீடியோ நிறுவனங்கள் சேர்ந்து மொபைலில் எச்டி தரத்தை நிறுத்தி 480பி-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதாக அறிவித்தன. முதலில் ஏப்ரல் 14 வரை என்று சொன்னார்கள். கண்டக்டர் யாரையும் இறக்கிவிடவில்லை, பயணிகளே மூட்டையைச் சின்னதாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டு பிராட்பேண்டில் அளவு தீர்ந்தாலும் வேகம் 512 கேபிபிஎஸ்-க்குக் கீழே போகக் கூடாது என்று 2016 அக்டோபரில் டிராய் உத்தரவிட்டது. 50, 90, 100 சதவீதம் தீரும்போதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தகவல் போகவேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. இப்போது பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023-ல் விளக்கமே மாறிவிட்டது.

மொபைலில் தினசரி டேட்டா தீர்ந்த பிறகு பல பிளான்களில் கிடைப்பது 64 கேபிபிஎஸ். கணக்குப் போட்டால் 1 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ இறங்க இரண்டு நிமிடங்களுக்கு மேல். வெறும் எழுத்து மெசேஜ் போய்விடும். யுபிஐ-யில் பணம் அனுப்பத் தேவைப்படும் டேட்டா கொஞ்சம்தான் என்பதால், ஆப் திறந்துவிட்டால் பெரும்பாலும் அதுவும் போகும். ஆனால், படமும் விளம்பரமுமாகக் கனமாக இருக்கும் புக்கிங் பக்கங்கள் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்தால் இன்னும் மோசம். பின்னணியில் நடக்கும் அப்டேட்டும் அதே டோக்கனுக்குக் கை நீட்டும். ராத்திரி ஏதாவது விண்ணப்பம் போடவேண்டியிருந்தால், போன் செட்டிங்ஸில் 'டேட்டா சேவர்' வசதியை ஆன் செய்துவிட்டு உட்காருவது நல்லது. உங்கள் பிளானில் அளவு தீர்ந்த பிறகு எவ்வளவு வேகம் என்பது ரீசார்ஜ் செய்யும் பக்கத்தில், விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.